அறிமுகம் எழுதாதவர் கேள்வி கேட்கக் கூடாது

ஜூன் 9

குழுத் தலைவர் அவர்களுக்கு,

ஒரே ஊரில், இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேரில் வந்தால் உன்னை அடித்துவிடுவேன். போனில் பேசினால் நீ பாதியில் 'கொள்கை' என்று ஆரம்பிப்பாய், நான் போனைச் சுவரில் எறிவேன், அதற்குத் தவணை இன்னும் முடியவில்லை. ஈமெயிலில் எழுதினால் அதையும் குழுவுக்கு அனுப்பி, 'என் அக்கா ஒரு சுவையான கேள்வி எழுப்பியிருக்கிறார்' என்று பொதுவில் போட்டுவிடுவாய். பேப்பர்தான் பத்திரம். இதை எவனாலும் தேடிப் பிடிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை போனில் அழுதுகொண்டே சொன்னதில் பாதிதான் உன் காதில் விழுந்தது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

மார்ச்சில் உன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்து நான் என்ன கேட்டேன்? பல் வரைகிற மென்பொருளை லைசென்ஸோடு வாங்க எனக்கு வசதியில்லை, உன் லினக்ஸில் இலவசமாக ஏதாவது உண்டா என்று கேட்டேன். உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். "எங்க லினக்ஸ் குழுவோட இணையப் பக்கத்துல சேந்து அங்க கேளுக்கா, எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்" என்றாய். சேர்ந்தேன். கேட்டேன். உன்னிடமிருந்தே பதில் வந்தது: அறிமுகம் எழுதாதவர் கேள்வி கேட்கக் கூடாது. கூடப் பிறந்தவளிடம் நீ யார் என்று கேட்ட ஒரே தம்பி நீயாகத்தான் இருப்பாய். நீ யார், எங்கே வேலை, எந்த மிஷின், எதற்காக இங்கே வந்தாய். எல்லாரும் எழுதியிருக்கிறார்கள் பார் என்று பழைய அறிமுகங்களைக் காட்டினாய். ஒருத்தர் தன் வீட்டு மிக்ஸி ரிப்பேரான கதையிலிருந்து தொடங்கியிருந்தார்.

நானும் மனதில் இருந்ததை அப்படியே கொட்டினேன். இன்ன லேபில் பல் செட் செய்கிறேன். எங்கள் முதலாளி எல்லா மிஷினிலும் திருட்டு மென்பொருள் போட்டிருக்கிறார், திறக்கும்போதெல்லாம் யாராவது பிடிக்க வருகிறார்களா என்று வாசலைப் பார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரரும் நானும் வருட முடிவில் சொந்தமாக லேப் போடப் போகிறோம், அதையாவது நேர்மையாகத் தொடங்க வேண்டும். உன் குழுவில் நாற்பது பேர், நாற்பது பேர் படிப்பார்கள் என்று நினைத்தேன். ஊர் உலகம் முழுக்கப் படிக்கும் என்று நீ சொல்லவில்லை.

முதலாளி கையில் அது எப்படிக் கிடைத்ததோ தெரியாது. எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் படித்துக் காட்டினார். "என் கூரைக்குக் கீழ உக்காந்துக்கிட்டே எனக்குக் குழி வெட்டுறியா" என்றார். என்னையும் அனுப்பினார், பக்கத்து மேசைக்காரரையும் அனுப்பினார். அவரை உனக்குத் தெரியும், பல்லுக்கு மாட்டுகிற கேப்புக்குப் பீங்கான் பூசுகிறவர், நாங்கள் பீங்கான் என்றே கூப்பிடுவோம். அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தது மட்டும்தான் அவர் செய்த தப்பு.

முதலாளி ஒரு வழி சொல்லியிருக்கிறார். இருபதாம் தேதிக்குள் அது இணையத்திலிருந்து போய்விட வேண்டும். போய்விட்டால் பீங்கானைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார், எனக்கு அனுபவச் சான்றிதழ் தருவார். போகாவிட்டால் ஊரில் இருக்கிற எல்லா லேபுக்கும் அதை அனுப்புவார். சான்றிதழ் இல்லாமல், பெயரும் கெட்டுப்போனால் இந்தத் தொழிலில் என்னை யாரும் வாசல்படி ஏற்ற மாட்டார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது.

இதைத்தான் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "எழுதுனத அழிக்கிற வழக்கம் நம்ம குழுவுல இல்லக்கா."

அழி. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பேனா பிடித்துப் பல வருடமாகிறது. எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். உன் கடிதத்தை அம்மா கேட்டார்கள், காட்டவில்லை. கரண்ட் பில் விஷயம் என்று சொன்னேன். நம்பவில்லை.

உனக்கு வேலை போனதில் எனக்கும் வேதனைதான். ஆனால் நீ கேட்பதைச் செய்ய முடியாது. ஒரு நிமிட வேலைதான், கை வலிக்காது. செய்யக் கூடாது என்பதால் முடியாது.

குழு தொடங்கிய புதிதில் வேறு ஒருவர் நிர்வாகியாக இருந்தார். தனக்குப் பிடிக்காதவர்கள் எழுதியதையெல்லாம் ஓசைப்படாமல் அழித்துவிடுவார். கேட்டால் "நான் பார்த்துக்கறேன்" என்பார். அவரை எதிர்த்து நின்றவன் நான். எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது, நிர்வாகியும் அழிக்கக் கூடாது என்று விதி எழுதியவனும் நான். போன வருடம் எங்கள் குழுவில் இருக்கிற கண்ணாடிக்கடைக்காரர் தன் மைத்துனரைப் பற்றிக் கோபத்தில் ஏதோ எழுதிவிட்டு, அழிக்கச் சொல்லி என் கடை வாசலில் வந்து நின்றார். முடியாது என்று அனுப்பினேன். இன்றைக்கு என் அக்கா என்றதும் அழித்தால் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? ஊருக்குத்தான் உபதேசமா என்று கேட்க மாட்டாரா?

எல்லாரும் படிக்கலாம் என்று அந்தப் பக்கத்தின் அடியிலேயே போட்டிருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீ பொய் எதுவும் எழுதவில்லையே. திருட்டு மென்பொருள் போட்டவர் நிமிர்ந்து நடக்கிறார், உண்மையை எழுதிய நீ ஏன் ஒளிய வேண்டும்? இதுதான் என் ஆத்திரம். அழித்தால் அவர் ஜெயித்தது போல ஆகாதா?

அந்த மனிதருக்கு அடிப்படை மரியாதையும் தெரியவில்லை. மே மாதக் கூட்டத்தில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து, வேறு வேலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவருக்கு ஓர் அழகான கடிதம் எழுதினோம். உங்கள் லேபில் எல்லா மிஷினிலும் காசு வாங்காமல் லினக்ஸ் போட்டுத் தருகிறோம், வேன் பிடித்து நாங்களே வருகிறோம், இனி நீங்கள் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று. முன்பின் தெரியாதவர்கள் திடீரென்று எழுதினால் சந்தேகப்படுவார் என்று உன் அறிமுகத்தின் லிங்க்கையும் சேர்த்தே அனுப்பினோம். இன்றுவரை ஒரு 'நன்றி'கூட இல்லை. இப்படிப்பட்டவரிடம் பதினாறு வருடம் எப்படித்தான் இருந்தாயோ.

சனிக்கிழமை கூட்டத்தில் உன் விஷயத்தைப் பேசுகிறேன். அம்மாவுக்கு ஒரு போன் செய்.

தம்பி


ஜூன் 14

நீதான்.

ஒரு வாரமாக நான் யார் யாரை எல்லாம் சபித்தேன் தெரியுமா? பீங்கானின் மனைவி வாய் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். கணக்கு எழுதுகிற பெண் காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்து, தெருவில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். பாவம், அது எனக்கு ஒரு சிரிப்புச் சிரித்தது. கடைசியில் நம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, நல்ல வார்த்தை போட்டு, லிங்க்கும் போட்டு அனுப்பியிருக்கிறாய். அனுப்பியது மட்டும் இல்லாமல் நன்றி வரவில்லை என்று என்னிடமே குறைப்படுகிறாய்.

உன் கடிதத்தைப் படித்ததும் பீங்கான் வீட்டுக்கு ஓடினேன். முதலாளி அன்றைக்கு விசிறியடித்த காகிதங்களை அவர் பொறுக்கி வைத்திருந்தார். அன்றைக்கு என் காதில் விழுந்தது என் அறிமுகம் மட்டும்தான். அதற்கு முன்னால் இருந்த பக்கங்களை இப்போதுதான் படிக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதாது உங்களுக்கு. ஆளாளுக்கு அறிமுகம்.

'நான் வங்கியில் காசாளர். லினக்ஸுக்கு வந்த பிறகு வைரஸ் என்ற சொல்லையே மறந்துவிட்டேன்.' 'நான் டாக்சி நிலையத்தில் போன் எடுப்பவள். பயப்படாதீர்கள் ஐயா, முதல் வாரம் எனக்கும் அழுகை வந்தது.' 'நான் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் பழைய மிஷின்களைத் தூக்கிப் போடாதீர்கள்.' 'நான் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். திருட்டு ஒரு குணமல்ல, பழக்கம்தான். பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.' முதலாளியைத் திருடன் என்று சொல்லிவிட்டு, அது உன் குணம் இல்லை என்று ஆறுதலும் சொல்கிறார் அந்தக் கணக்கு வாத்தியார்.

எல்லாவற்றுக்கும் கீழே நீ. 'நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்களிடம் வேலை செய்பவர் என் சொந்த அக்கா. அவர் மூலமாகத்தான் உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரிய வந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாங்களே கொண்டுவருவோம்.'

சாப்பாடு. என் சோற்றில் மண் அள்ளிப் போட்டுவிட்டு, பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாய்.

உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து களைத்துப் படுத்திருந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார். "நல்லவங்கதான்டி" என்றார். "பிரேக் இல்லாத நல்லவங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பது பேர் இருக்கிற அறையில் ஒரு ஆளுக்குக்கூட, அனுப்புவதற்கு முன்னால் இதை எழுதின பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லையா? உனக்குமா தோன்றவில்லை? நான் இதை எழுதியது சொந்த லேப் போட. நீங்கள் அதை எடுத்துக்கொண்டது ஒருத்தரைத் திருத்த. பூனைக்கு விளையாட்டு, எலிக்கு உயிர் போகிறது.

தபாலில் போட்டால் நாளைய கூட்டத்துக்குள் வராது. உன் மாமாவின் பஸ் உன் கடை முனையில்தான் திரும்புகிறது, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கொள்கை பேசாதே. நீ செய்ததை நீயே அழி.


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல் வழியாகவே கவரை நீட்டினார். "படிச்சிட்டு உக்காந்து யோசி" என்றார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து படித்தேன்.

அந்தக் கடிதம் எழுதிய அன்று எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். கூட்டம் என்றால் முதலில் ஒரு சுற்று அறிமுகம், அது பத்து வருடமாக வரும் ஆளாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அந்த ஞாபகத்தில் கடிதத்திலும் எல்லாரும் தங்களைப் பற்றிச் சொன்னோம். திறந்த மனதோடு போனால் எதிரில் இருப்பவரும் திறப்பார் என்று நினைத்தோம். உன்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, அதுதான் உண்மை. நீ பொதுவில் எழுதிவிட்டாய், பொதுவில் எழுதியது பொதுச் சொத்து என்றே என் மூளை போனது. இப்படிச் சொன்னால் உனக்கு இன்னும் கோபம் வரும். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து சொன்னேன். டாக்சி நிலையத்து அம்மா அழுதுவிட்டார்கள். "அந்தப் பொண்ணுக்கு நல்லது பண்றோம்னு நெனச்சேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிறகு காசாளர் எழுந்தார். வருத்தம்தான், ஆனால் விதி விதிதான் என்றார். இன்றைக்கு ஒரு முதலாளி மிரட்டியதும் அழித்தால் நாளைக்கு ஒவ்வொரு முதலாளியும் மிரட்டுவார் என்றார். கணக்கு வாத்தியாரும் அதையே இன்னும் நீளமாகச் சொன்னார். நியாயமில்லை என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்.

கடைசியில் ஒரு முடிவு எடுத்தோம். உன் அறிமுகம் அப்படியே இருக்கும். அதன் கீழே, 'இது எழுதியவரின் தனிப்பட்ட கருத்து, இதனால் அவருக்குச் சிரமம் ஏற்பட்டுள்ளது' என்று ஒரு விளக்கம் சேர்க்கப்படும். ஓட்டெடுப்பில் நான் கலந்துகொள்ளவில்லை. சொந்த அக்கா என்பதால் நடுநிலையாக இருப்பதுதான் முறை என்று பட்டது.

விளக்கத்தில் வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமானால் எழுது. இருபதாம் தேதிக்குள் போட்டுவிடலாம்.

தம்பி


ஜூன் 22

நடுநிலையாளருக்கு,

இருபதாம் தேதி வந்தது, போனது.

பீங்கான் திரும்பி வேலைக்குப் போய்விட்டார். முதலாளி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் எழுதியது எல்லாம் பொய், லேபில் திருட்டு மென்பொருள் எதுவும் கிடையாது, சொந்த லேப் என்று ஆசை காட்டி நான்தான் அவரை இழுத்தேன் என்று. நேற்று வாசலில் வந்து நின்று அவரே சொன்னார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "எனக்கு அந்த அடுப்பு வேணும்மா" என்றார். பீங்கான் சுடுகிற அடுப்பைச் சொல்கிறார். அது இல்லாமல் அவர் கைக்கு வேலை இல்லை, அடுப்பு வைத்திருக்கிற வேறு லேபுக்கெல்லாம் அதற்குள் லிங்க் போய்விட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான் நான்கு லேப் ஏறி இறங்கினேன். ஒருத்தர் போனில் என் அறிமுகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே என்னிடம் பேசினார். "இங்கயும் என்ன மென்பொருள்னு பாத்து எழுதுவீங்களாம்மா" என்று கேட்டார். இன்னொரு இடத்தில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், வேவுக்காரி.

இந்த நேரத்தில் உன் விளக்கத்தையும் பார்த்தேன். 'அவருக்குச் சிரமம் ஏற்பட்டுள்ளது.' யாரால் ஏற்பட்டது என்று ஒரு சொல் இல்லை. மழை பெய்தது, சிரமம் ஏற்பட்டது என்பது போல. உலகத்தில் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும் என்கிற ஆட்கள், தங்கள் பெயர் வருகிற இடத்தை மட்டும் எவ்வளவு பதவிசாக மூடியிருக்கிறீர்கள்.

நீ அழிக்காமல் இருந்ததைவிட, ஓட்டுப் போடாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு எதிராகக் கை தூக்கியிருந்தாலாவது, போடா, நீ உன் கொள்கைக்காரன் என்று விட்டிருப்பேன். நீ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வேறு எவள் அக்காவோ என்பது போல.

அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி கரண்ட் பில் கதை வேண்டாம். எனக்கு எழுதாதே.


ஜூலை 6

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

அம்மா என்னிடம் பேசி இரண்டு வாரமாகிறது. தட்டை வைப்பார்கள், போய்விடுவார்கள். நேற்று மட்டும் ஒன்று கேட்டார்கள். "அந்த நாப்பது பேர்ல எத்தனை பேருடா உன் வீட்டுக்குக் கஷ்டம்னா வருவாங்க?" வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். வேன் பிடித்துக்கூட வருவார்கள். யாரைக் கேட்டுக்கொண்டு வருவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

உன் அறிமுகத்தை அழித்துவிட்டேன். ஓட்டு வைக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. உன் கடிதம் வந்த மறுநாளே எங்கள் சர்வரிலிருந்து எடுத்தேன். எங்கள் அறிமுகங்கள் ஒரே இடத்தில் இருந்தால் எவனாவது அழித்துவிடுவான் என்று பயந்து, ஆளுக்கொரு நகல் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தவன் நான்தான். அதையே பெருமையாகக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வேன். இப்போது ஒவ்வொரு வீடாக ஏறினேன். கணக்கு வாத்தியார் தன் மிஷினுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் வாதம் செய்தார். "நீங்களே எழுதின விதி" என்றார். "ஆமா, நான் எழுதினது தப்பு" என்றேன். அதை என் வாயால் சொன்னபோது எனக்கு அவ்வளவு ஆத்திரமாக இருந்தது. அவர்மேலா, உன்மேலா, என்மேலா தெரியவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் அழித்தார். "எனக்கு ஏன்யா செய்யல" என்று மட்டும் கேட்டார். அவர் எழுதியதையும் அழித்தேன். காசாளர் என்னை நிர்வாகத்திலிருந்து நீக்கக் கூட்டம் கூட்டினார். நீக்கிவிட்டார்கள். டாக்சி நிலையத்து அம்மா மட்டும் கை தூக்கவில்லை.

இதையெல்லாம் உன்னைக் குளிர வைக்க எழுதவில்லை. ஏனென்றால் ஒன்றும் முடியவில்லை. வேறொரு நாட்டில் ஒரு நிறுவனம், பொதுவில் இருக்கும் பக்கங்களையெல்லாம் தானாகவே நகல் எடுத்து வைக்கிறது. அதில் நீ இருக்கிறாய். அவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. உன் பெயரைத் தேடினால் இப்போதும் வருகிறது. ஊரில் ஒவ்வொரு லேபும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கும், அதையும் என்னால் அழிக்க முடியாது. ஒன்பதாம் தேதி நீ கேட்டபோதே செய்திருந்தால் பீங்கான் உன் பக்கம் இருந்திருப்பார். எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம்.

ஆனால் நானும் ஒன்று சொல்வேன், இத்தனை வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். நான் கம்பெனி வேலையை விட்டுக் கடை போட்டபோது, சொந்தக்காரர்கள் வீடு வீடாக "தம்பி உருப்படாம போயிட்டான்" என்று சொன்னது யார்? என் குழுவை 'இலவச கோஷ்டி' என்று கூப்பிட்டது யார்? பதினான்கு வருடத்தில் ஒரு கூட்டத்துக்காவது வந்து எட்டிப் பார்த்தாயா? உனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றபோதுதான் வந்தாய். வந்தாயே என்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? என் அக்காவும் வந்துவிட்டாள் என்று எல்லாருக்கும் காட்டத்தான் அந்த அறிமுகத்தை எழுதச் சொன்னேன். விதி என்று சொன்னது சும்மா. உன் முதலாளிக்கு எழுதியதும் அந்தச் சந்தோஷத்தில்தான். இதனால் நான் செய்தது சரியாகிவிடாது. ஆனாலும் தெரிந்துகொள்.

கடைசியாக ஒன்று. என் கடையின் பின்னறை சும்மா கிடக்கிறது. பழைய மானிட்டர்களை அடைத்து வைத்திருந்தேன், காலி செய்துவிட்டேன். தண்ணீர்க் குழாய் இருக்கிறது, தெருப் பக்கம் தனி வாசல் இருக்கிறது. நீ மார்ச்சில் கேட்ட கேள்விக்கும் பதில் தேடினேன். பல் வரைய இலவச மென்பொருள் இருக்கிறது. நான்கு நாள் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். கடைவாய்ப் பல் ஒன்று வரைந்தேன், யானைக் கால் மாதிரி வந்தது, ஆனால் வந்தது. சொந்த லேபை அங்கே போடு. பீங்கான் வேலை இல்லாமல் பல் செட் மட்டும் செய்து தொடங்கலாம் இல்லையா? எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

உன் லேபிலிருந்து யார் வந்து கேள்வி கேட்டாலும் அறிமுகம் எல்லாம் கேட்க மாட்டேன்.

தம்பி


ஜூலை 10

தம்பி,

உன் கடைசி வரி நகைச்சுவை என்றால், இன்னும் நேரம் வரவில்லை.

நேற்று மத்தியானம் நீ பஜாருக்குப் போன நேரம் பார்த்து வந்து அறையைப் பார்த்தேன். அம்மா சாவி கொடுத்தார்கள். மானிட்டர்களைக் காலி செய்தாய், சரி, அதன் கீழே இருந்த தூசியை யார் காலி செய்வார்கள்? ஜன்னல் கிழக்குப் பக்கம் இருக்கிறது. பல்லின் நிறம் பார்க்கக் காலை வெளிச்சம் வேண்டும், அது நீ யோசித்து வைத்தது இல்லை, தானாக அமைந்தது. குழாயில் தண்ணீர் வருகிறது. பல் அச்சுக்கு ஊற்றுகிற பிளாஸ்டரைக் கழுவி விட்டால் உன் கடை வடிகால் அடைத்துக்கொள்ளும், அதற்குத் தனித் தொட்டி வைக்க வேண்டும். உன் யானைக்கால் பல்லையும் பார்த்தேன். அதை வாயில் வைத்தால் மனிதன் சிரிக்கவே மாட்டான். ஆனால் மென்பொருள் மோசமில்லை, கை மோசம்.

நீ உருப்படாமல் போனாய் என்று நான் சொன்னது உண்மை. பயத்தில் சொன்னேன். அப்பா இல்லாத வீட்டில் இருந்த ஒரே மாதச் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்து நின்றாய். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் போடாதே. நான் உன்னைப் பேசினேன், உன் கடை மூடவில்லை. நீ என்னைப் பேசினாய், என் தொழில் போனது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அம்மா கேட்டால் சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லாதே, அது பொய். ஆனால் உன் மாமாவின் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு முதலாளியைச் சபித்துக்கொண்டே கிழவியாக எனக்கு விருப்பமில்லை. என் கைக்கு வேலை வேண்டும். அறையை எடுத்துக்கொள்கிறேன். அக்கா தம்பி உறவுக்காக எடுக்கவில்லை, வாடகை கொடுப்பேன், பக்கத்துக் கடைக்காரன் என்ன கொடுக்கிறானோ அதே வாடகை. ஊரின் அந்தக் கோடியில் இரண்டு பல் டாக்டர்கள் இருக்கிறார்கள், இணையம் பார்க்கிற வயதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் போய்ப் பேசிவிட்டேன். ஒருத்தர் ஒரு கீழ்த்தாடை அச்சைக் கொடுத்து, செய்து காட்டு என்றிருக்கிறார்.

பெயர்ப்பலகை நான் வைத்துக்கொள்வேன். என்னைப் பற்றி, என் வேலையைப் பற்றி, என் மிஷினைப் பற்றி நீ யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, நல்ல வார்த்தையும் சேர்த்துத்தான். வாடிக்கை சேர்த்துத் தருகிறேன் என்று கிளம்பாதே. உன் குழுக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. டாக்சி நிலையத்து அம்மா மட்டும் வரலாம், அவருக்குக் கட்டுப்பல் செட் சரியில்லை என்று நீ ஒருமுறை சொன்ன ஞாபகம்.

திங்கட்கிழமை தச்சர் வருகிறார். உன் கடைக்கும் என் அறைக்கும் நடுவில் இப்போது திரைதான் தொங்குகிறது. அங்கே கதவு போடச் சொல்லியிருக்கிறேன். கனமான கதவு. தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கும். உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் தட்டு, நான் திறக்கிற வரைக்கும் நில்.

அக்கா